ஊதாக் கொடுக்கு

அந்தக் கடற்கரையில் எங்கெங்கே என்னென்ன நண்டுகள் வாழ்கின்றன என்று ஆராய, செண்பகவல்லியும் பெனிட்டாவும் மூன்று வருடமாக ஒன்றாகத்தான் அலைந்தார்கள். ஆனால் இதுவரை யாரும் பார்த்திராத அந்த ஊதா நண்டு பெனிட்டாவின் வலையில்தான் ஏறியது. “இதுக்கு உன் பேரையே வச்சிடலாம்டி” என்றாள் பெனிட்டா. பெயரைத் தானமாகக் கொடுக்கும் இடத்தில் அவள் நின்றதுதான் செண்பகவல்லியைச் சுட்டது. தங்கள் பேராசிரியருக்குச் சொல்ல, சிக்னல் தேடி பெனிட்டா மணல்மேட்டில் ஏறினாள். படகுத்துறையில் தனியாக நின்ற செண்பகவல்லி நண்டைப் போட்டுவைத்திருந்த வாளிக்குள் கைவிட்டு அதைத் தூக்கினாள். அது அவள் விரலைக் கவ்வியது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கையைக் கடலுக்கு மேல் நீட்டினாள். நண்டு தன் கொடுக்கைத் தானே கழற்றிவிட்டுத் தண்ணீரில் விழுந்து மறைந்தது. கொடுக்கு மட்டும் விரலை விடவில்லை. உதறினாள், பிடித்து இழுத்தாள். அது இன்னும் இறுகியது. அதற்குள் பெனிட்டா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “சார் நாளைக்கே வர்றாராம்! கண்டுபிடிச்சது நாங்க ரெண்டு பேரும்னு சொல்லிட்டேன்டி!” செண்பகவல்லி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். பெனிட்டா வாளியை நோக்கிக் குனிந்தாள்.