ரெண்டு கட்டில் அறை

"ஒரு அறைதான் இரிக்கி. ரெண்டு கட்டில். ஒண்டுல நீங்க படுங்க, மத்ததுல அவர் படுக்கட்டும்."

லொஜ் முதலாளி அபூசாலி சாவியை மேசையில் வைத்தார்.

வேலப்போடி திரும்பிப் பார்த்தார். வாசலில் சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றவர் பக்கீர் முகைதீன். விடிந்தால் கல்முனைக் கோட்டில் அவருக்கு எதிராக வழக்காட நிற்கப்போகிற ஆள்.

நாவிதன்வெளியில் இருவருக்கும் அடுத்தடுத்த வயல். நடுவில் ஒரு வரம்பு. அதை யார் வெட்டி நகர்த்தியது என்று நாலு வருசமாக வழக்கு. பக்கீர் முகைதீன் பொத்துவிலில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறார். தவணைக்குத் தவணை பஸ் ஏறி வருவார். மாரி மழையில் தாம்போதிப் பாதையை வெள்ளம் மூடிவிடுவதால் வேலப்போடியும் முதல் நாளே தோணியில் கடந்து வந்தாக வேண்டும்.

"இந்த மனிசனோட ஒரு அறையிலயா? முதலாளி, உங்களுக்கென்ன விசரா?" வேலப்போடி கத்தினார்.

"மேல எட்டு அறையிலயும் றோட்டு வேலைக்காரர் நிக்கிறாங்க. நான் என்ன செய்ய?"

"காசு வந்தாச் சரி. ஆக்களைக் கோழி மாதிரி அடைப்பீங்க!" பக்கீர் முகைதீனும் கத்தினார்.

"விருப்பமில்லாட்டிப் போங்க. பஸ் ஸ்டாண்டுல படுக்க மரவாங்கு கிடக்கு. நேத்து அதுல படுத்தவன்ட சாரத்தையே உருவிட்டானுகள்."

மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற குறுகிய ஒழுங்கைத் தெரு அது. எதிரே சாராயத் தவறணை. பொழுது பட்டால் அடிதடி இல்லாத நாள் கிடையாது. இரண்டு பேரும் தவறணையைப் பார்த்தார்கள். பிறகு சாவியைப் பார்த்தார்கள்.

அறைக்குள் ஆளுக்கொரு கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்கள். மஃரிபுக்கு பக்கீர் முகைதீன் துண்டை விரித்தபோது, வாயில் போட எடுத்த வெத்திலையை மடியில் செருகிக்கொண்டு வேலப்போடி வெளியே போய் நின்றார். தொழுது முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். பக்கீர் முகைதீன் கவனிக்காத மாதிரி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவில் ஒரு உதை.

"திறடா! எங்களுக்கு அடிச்சவன் உள்ளுக்குத்தான் ஒளிச்சிருக்கான்!"

தவறணையில் குடித்த வெறியில் நாலைந்து பேர். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் வளைந்தது. வேலப்போடி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார். பக்கத்தில் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது.

"காக்கா, கட்டிலை இழுங்க!" என்று அண்ணன் முறை சொல்லிக் கத்தினார் வேலப்போடி.

"இழுக்கன்! நீங்க கதவை விட்டிராதீங்க போடியார்!"

ஒரு கட்டில் வந்தது. மற்றக் கட்டிலும் வந்தது. இருவரும் அவற்றின்மேல் ஏறிக் குந்தி முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அபூசாலி உலக்கையோடு ஓடிவந்து கூட்டத்தைக் கலைக்கிற சத்தம் கேட்டது.

மூச்சு வாங்கி முடிய பக்கீர் முகைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தள்ளுத் தள்ளுறீங்க போடியார்! எருமை தோத்திரும்."

வேலப்போடியும் சிரித்தார். பிறகு சட்டென்று கேட்டார்: "காக்கா, உண்மையைச் சொல்லுங்க. வரம்பை நீங்கதானே வெட்டின?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் இல்ல. நீங்கதான் வெட்டினீங்கண்டு எனக்குச் சொன்னாங்க."

"என்ட புள்ளையள் அறிய நான் மண்வெட்டி வைக்கல்ல."

"அப்ப ஆரு?"

இருவரும் யோசித்தார்கள். வேலப்போடிதான் மெல்லக் கேட்டார்: "வழக்குக்கு முதல் அடிச்ச சூறாவளிக்குப் பிறகு அங்க வரம்பெண்டு ஒண்டு இரிந்ததா காக்கா?"

"எங்க இரிந்த? வெள்ளம் வழிச்சுக்கொண்டு போனதே! மறுகா கூலியாக்கள்தான் கண்மட்டத்துக்குப் போட்டது."

"என்ட பக்கமும் கூலியாக்கள்தான்."

"இதை நீங்க கோட்டுல சொல்லல்லியே?"

"கோட்டுல நான் எங்க கதைச்ச? எனக்காக வழக்குப் பேசுற பிரக்கிராசியார்தானே கதைச்சார்."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் பக்கீர் முகைதீன்.

அடுத்த நாள் கோடு கூடுவதற்கு முன்னமே இருவரும் பிரக்கிராசிமாரைக் கூப்பிட்டு, வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் கயிறு பிடித்து, சரிநடுவில் வரம்பு போடுவது என்று பேச்சு.

பையை எடுக்க வந்தபோது வேலப்போடி அபூசாலியைச் சும்மா விடவில்லை. "நல்ல தாழ்ப்பாளாப் பார்த்துப் போடுங்க முதலாளி. இப்படிக் காசுக்கு ஆசைப்பட்டு ஆக்களை அடைக்காதீங்க. ஏதோ நாங்க நல்ல மனிசரா இரிந்ததால தப்பின. இனி உங்கட வாசலை மிதிக்க மாட்டம்."

"ஓம், மனிசனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேணும்" என்றார் பக்கீர் முகைதீன்.

அபூசாலி சாவியை வாங்கிக்கொண்டார். இருவரும் தேத்தண்ணிக் கடையைத் தேடிக் கதைத்தபடி போனார்கள்.

அவர்கள் முடுக்கால் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அபூசாலியின் மனைவி கைருன்னிஸா அடுப்படிக் குசினியிலிருந்து வந்தாள்.

"இஞ்சருங்க, மேல எட்டு அறையும் வெறுமையாக் கிடக்கு. கோட்டுக்கு வாற சனத்தாலதான் நம்மட உலை கொதிக்குது. இந்த மாரியில இதோட மூணு வழக்கை இப்படிச் சமாதானமாக்கி அனுப்பிட்டீங்க. இனி நாம என்னத்தைத் தின்ற?"