ரெண்டாவது கை

"ஒரு கைன்னுதானே பேச்சு? ரெண்டாவது கை எப்படி வந்தது?"

காலையிலிருந்து தேசிகன் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். விடை வராமல் விட மாட்டார்.

முந்தின நாள்தான் டீவியில் ஜோடி நடனப் போட்டியின் இறுதிச் சுற்று. அவர் மகள் ப்ரியங்காவும் மாகறல் கிராமத்து அருளும் வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு ஜோடி ஆட்டம் ஆடினார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவே டீவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

ப்ரியங்கா காலேஜில் கற்றுக்கொண்ட ஆட்டம். ஒரு சானலில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். இன்னொன்றில் அரையிறுதி வரை போனாள். இதில்தான் இறுதிச் சுற்று. தேசிகன் இரண்டு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பியிருந்தார். பையன் அவள் முதுகில் ஒரு கைதான் வைக்கலாம். கவுனுக்கு முதுகு மூடியிருக்க வேண்டும்.

போட்டிக்காரர்கள் கொடுத்த கவுனில் முதுகுப் பக்கம் துணியே இல்லை. பெட்டியில் இருபது வருஷமாக மடித்தது மடித்தபடி கிடந்த மனைவி வைதேஹியின் பட்டுப் புடவையில் ஒரு துண்டு வெட்டி, டெய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கினார். "காஞ்சிபுரத்துப் பொண்ணு பட்டு இல்லாம மேடை ஏறலாமா?" என்று பெருமை வேறு.

ஆட்டத்தின் பாதியில் அருள் அவளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பக்கத்தில் வந்தவன் தூக்கவில்லை. இரண்டு கையாலும் அவள் முதுகைச் சேர்த்துப் பிடித்தவன், பாட்டு முடிகிற வரைக்கும் விடவே இல்லை. நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். கைக்கு வந்த முதல் பரிசு போய், இரண்டாவது பரிசுதான் கிடைத்தது.

"பரிசு போனா போறது ஓய்," என்றார் எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம். "சமயம் பாத்துக் கட்டிப் பிடிச்சுட்டானே. இதுக்கா எங்காத்துல எல்லா செல்லுலேர்ந்தும் எஸ்.எம்.எஸ். அனுப்பினோம்?"

தேசிகனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அருள் மேல தப்பு இல்லப்பா. விடுங்கோளேன்," என்றாள் ப்ரியங்கா.

"பின்னே யார் மேல தப்பு?"

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண் அவனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே.

அடுத்த மாதம் மும்பையில் அகில இந்தியப் போட்டி. முதல் இரண்டு ஜோடிகளுக்கும் அழைப்பு. அதே ஜோடிதான் ஆட வேண்டும். இவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் கிடையாது.

"இன்னையோட மங்களம் பாடிட்டு வரேன்," என்று மாகறல் பஸ்ஸைப் பிடித்தார்.

அருள் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவன். ஹோஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"வாங்க சார். உள்ள வாங்க."

"உள்ளயெல்லாம் வேண்டாம். ஒரு கைன்னுதானே பேச்சு?"

அருள் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் சார்."

"ரெண்டாவது கை எதுக்கு?"

"தெரியாம வச்சிட்டேன் சார்."

"தெரியாம வெச்ச கையை எடுக்கத் தெரியலையோ?"

"எடுக்க முடியல சார்."

"திமிரு. இனிமே உனக்கு ஜோடியும் கிடையாது, மும்பையும் கிடையாது."

பையன் முகம் செத்துப்போயிற்று. "சரிங்க சார்" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் உள்ளே இருந்த அவன் அம்மா மணியம்மாள் காதில் விழுந்தது. மும்பை கிடையாது என்கிறாரே, போட்டி ஆபீஸ்காரர் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்தாள்.

"நல்லா இருக்குதா சார் உங்க நியாயம்? மார்க்கையும் கொறச்சிட்டு, மும்பையும் கெடையாதுன்றீங்களே."

"எம்மா, நீ உள்ள போ," என்றான் அருள்.

"இருடா. நீ பேச மாட்ட, நான் பேசறேன்." பையிலிருந்து கவுனை எடுத்து உதறினாள். "இத்த பாருங்க சார். எவனோ டெய்லரு முதுகுல பழைய பட்டுத் துணிய வச்சித் தச்சிருக்கான். மடிச்சே கெடந்த பட்டு மடிப்புல விட்டுப்போவும்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது? பாப்பா கையைத் தூக்கி வளைஞ்சுது. மேலேருந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சிட்சு. காமிரா முன்னாடி என் புள்ள கையை எடுத்திருந்தா, அந்தப் பொண்ணு கதி என்னா ஆவறது?"

தேசிகன் கவுனை வாங்கிப் பார்த்தார். மயில்கண் கரை. வைதேஹியின் புடவையேதான். கிழிசல் நெடுக நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது.

"இத்த அங்கயே சொல்றதுக்கு என்னா?" என்றார். தன்னை அறியாமல் அவள் பேச்சே அவருக்கும் வந்துவிட்டது.

"பாப்பா இவன்கிட்ட சத்தியம் வாங்கிட்சாம் சார். அவங்க அப்பா ஆசையா வச்சிக் குடுத்த பட்டாம். தன்னாலதான் பரிசு போச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாராம். அதான் கவுனைக்கூட வூட்டுக்கு எடுத்துக்கினு போவாம என்கிட்ட தைக்கக் குடுத்துச்சு."

தேசிகன் அருளின் அருகே போய், அவன் தோளில் இரண்டு கையையும் வைத்தார்.

"மும்பைக்குக் கிளம்புப்பா. ரெண்டு பேரும் நன்னா ஆடிட்டு வாங்கோ."

மணியம்மாளுக்கு வாயெல்லாம் பல். கவுனை மடிக்காமல் சுருட்டிப் பைக்குள் வைத்து அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே பாப்பாகிட்ட சேத்துடுங்க சார். ஆனா அவங்க அப்பாகிட்ட மட்டும் எதுவும் மூச்சு விட்டுடாதீங்க."

"விட மாட்டேம்மா," என்றார் தேசிகன். "சொன்னாலும் புரியாது. ஒரு கைக்கு மேல எண்ணத் தெரியாத மனுஷன்."