லண்டன் ஊஞ்சல்

யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. மயிலாப்பூரில் கோதண்டம் கூடத்து ஊஞ்சலில் மல்லாந்து கிடக்க, மனைவி நீரஜா பலமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு சுவாமிநாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ஓய் இது?"

"கப்பல் ஆட்டம் எப்படி இருக்கும்னு பாக்கறேன். பம்பாய்லேர்ந்து லண்டன் வரைக்கும் இப்படித்தானாம். மனுஷா உடம்பு தாங்கினாத்தான் டிக்கெட். இல்லேன்னா பயணமே கிடையாது."

"கப்பல் ரொம்பப் பெரிசோ?"

"நம்ம நாலு மாட வீதியையும் சுருட்டி உள்ளே வெச்சாலும், தேர் ஓட இடம் மிச்சமிருக்கும்."

சுவாமிநாதன் மலைத்துப் போனார். கடற்கரையில் கணுக்கால் நனைந்தாலே கபாலீசுவரரைக் கூப்பிடுகிறவர் அவர்.

"தனியாவா பயணம்?"

"தன்னந்தனியா. துணைக்கு மாவடு ஜாடி மட்டும். நீரஜா, இன்னும் வேகமா."

ஊஞ்சல் உத்தரத்தை முத்தமிட்டுத் திரும்பியது. கோதண்டத்தின் முகம் வாழைத்தண்டாய் வெளுத்தது. தள்ளாடி இறங்கி முற்றத்துக்கு ஓடியவர், முந்தாநாள் சாப்பிட்டதையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"கூடத்துலேயே இப்படின்னா நடுக்கடல்ல என்ன ஓய் பண்ணுவீர்?"

கோதண்டம் திரும்பி மனைவியின் கையைப் பற்றினார்.

"உசிரோடதானே இருக்கேன்? நானே தாங்கினதை நீ தாங்க மாட்டியா? தைரியமா போய், கணக்குல டாக்டர் பட்டம் வாங்கிண்டு வா. நாளைக்கே டிக்கெட்டுக்குச் சொல்லிடறேன்."

இத்தனை வருஷமும் அவளிடம் காபி மட்டுமே கேட்டு வாங்கிய சுவாமிநாதன், முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி, நீரஜா கோபுர உயரத்துக்கு நின்றிருந்தாள்.