கூட்ஸ் வரும் நேரம்

கதவைத் தட்டவில்லை. உதைத்தாள்.

அடுத்த கதவு. அதற்கடுத்தது.

ரயில்வே குடியிருப்பில் எல்லாம் ஒரே மாதிரிக் கதவு. எல்லாவற்றுக்கும் ஒரே உதை. நனைந்த சேலை காலைச் சுற்றியது. தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

எல்லாரும் வெளியே வாங்க, சுரங்கத்துக்குள் ஓடுங்க என்று கத்தினாள். அதற்கு மேல் சொல்ல மூச்சில்லை.

கடைக்குப் போகிற வழியில்தான் அதைப் பார்த்தாள். காலையில் சாலையையே பிய்த்துக்கொண்டு போன காட்டாறு, இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது.

இத்தனை மழையில்.

மேலே எங்கோ மலை சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். சரிவில் இருந்த மரங்கள் நடந்துகொண்டிருந்தன.

நின்ற நிலையில். கூட்டமாக. ஊரைப் பார்த்து.

பிறகுதான் சத்தம் வந்தது. அடிவயிற்றில் உறுமுகிற சத்தம். தரை அதிர்ந்தது. வீடுகளுக்குள் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

ஊர் அசையவில்லை.

எப்படி அசையும்? தினமும் மதியம் கூட்ஸ் வண்டி மலையேறி வரும்போது இதே உறுமல்தான். இதே கிணுகிணுப்புதான். இந்தச் சத்தத்தில்தான் இங்கே பிள்ளைகள் தூங்கும். வண்டி வராத நாளில் முழித்துக்கொண்டு அழும்.

வாசலுக்கு வந்தவர்களும் கூரைக்கு அடியிலேயே நின்றார்கள். சுரங்கத்தை ஒரு பார்வை. அவளை ஒரு பார்வை. ஒருவரும் படியிறங்கவில்லை.

சாலை போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே வழி சுரங்கம். தண்டவாளத்துக்கு மட்டும் அளவெடுத்துக் குடைந்த பாறை. உள்ளே மாட்டினால் ஒதுங்க ஓர் இடுக்கு கிடையாது. இந்த ஊரில் பிள்ளை நடை பழகும்போதே அதையும் பழக்கிவிடுவார்கள். சத்தம் கேட்டால் சுரங்கத்தில் கால் வைக்காதே.

சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் பரந்தாமன் குடையோடு வந்தார். கூட்ஸை அனுப்பலாம் என்று காலையிலேயே கீழ் ஸ்டேஷனுக்குச் சம்மதம் கொடுத்திருந்தார். அதன் பிறகு கம்பி அறுந்து, போன் செத்துவிட்டது. வண்டி கிளம்பியிருக்கும், இதோ ஏறிக்கொண்டிருக்கிறது, ஒருத்தரும் லைனில் இறங்கக் கூடாது என்றார்.

காட்டாறு வற்றியதைச் சொன்னாள். மரங்கள் நடப்பதைச் சொன்னாள். அவர் மலையைப் பார்த்தார். அங்கிருந்து மழைத்திரையில் மலையே தெரியவில்லை. காதில் விழுந்ததைத்தான் அவர் நம்பினார்.

பக்கத்து வீட்டு ரெஜினா இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள்.

"ஏன் மதினி, எஞ்சினுக்கு முன்னால எங்கள நடத்திக் கூட்டிட்டுப் போவப் போறியளா?"

சிலர் சிரித்தார்கள்.

வண்டி வராது என்றாள் அவள்.

"உனக்கு யாரும்மா சொன்னது?" என்றார் பரந்தாமன்.

அவளுக்குத் தெரியும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியாது. சொன்னால் ஊர் பிழைக்கும். அவள் அந்த ஊரில் பிழைக்க முடியாது. புருஷன் செத்த பிறகு, பிளாட்பாரம் பெருக்கும் வேலை வாங்கி, ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் தலை நிமிர்ந்து நடந்தவள்.

ரெஜினாவின் பிள்ளை கொட்டாவி விட்டது. தூக்கம் வந்துவிட்டது அதற்கு.

அவள் சொன்னாள்.

குரல் நடுங்கவில்லை. தலையும் குனியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் தண்டவாளத்தில் இறங்கியது ரெஜினாதான். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடினாள். அவள் பின்னால் மொத்தக் குடியிருப்பும் ஓடியது.

பரந்தாமன் மட்டும் குடையைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினார்.

சுரங்கத்துக்குள் கடைசியாக நுழைந்ததும் அவர்தான். அவர் நுழைந்ததுமே பின்னால் இருந்த வெளிச்சம் அணைந்தது. வாசல் இருந்த இடத்தில் மண்.

இன்று அங்கே ஊர் இல்லை. காய்ந்த சேற்றுக்கு வெளியே ஸ்டேஷன் ஓட்டின் முகடு மட்டும் தெரியும். காட்டாற்றுப் பாலம் போன இடத்தில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். அந்தப் பாதையையே ரயில்வே கைவிட்டது. ஆட்களுக்குக் கீழே சமவெளியில் வீடு கொடுத்தார்கள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கெட்டிக்காரர். ஊரில் ஓர் உயிர்கூடக் குறையாதது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓர் உயிர் கூடுதலாக வந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

போன் இல்லை, தகவல் இல்லை, வண்டி வரும் நேரம். அது வண்டிச் சத்தம் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது என்றார் பரந்தாமன்.

டீக்கடை மொய்தீன் அதையே சொன்னார். ஒவ்வொருவராக எல்லாரும் அதையே சொன்னார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவள் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா முந்திக்கொண்டாள். மதினிக்கு மழையில் தொண்டை கட்டிவிட்டது, மதினிக்கும் அதே சத்தம்தான் கேட்டது என்றாள்.

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

அன்று கொட்டும் மழையில், முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் வீட்டுச் சாவியை எடுத்து, ஊர் பார்க்க ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்டினாள்.

"கூட்ஸ கீழ ஸ்டேஷன்லயே நிப்பாட்டிட்டாங்க சார். டிரைவரு லைனோட நடந்து வந்து என் வீட்டுக்குள்ள தூங்குதாரு. பூட்டத் தொறந்து எழுப்பிக் கூட்டியாங்க."