இவனா ஓட்டுறான்?

"நீங்களா இருந்தா முதல் தடவையிலேயே இறக்கியிருப்பீங்க சார்!"

பல் டாக்டர் சொன்னதும் நாங்க எல்லாரும் ஆமாம் போட்டோம். எங்க விமானப் பைத்தியங்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கிற அவரோட கிளினிக் மாடியிலதான் வாராவாரம் கூடி அளப்போம்.

அன்னிக்கு விருந்தாளி, ரிட்டயர்டான கேப்டன். பன்னிரண்டு வருஷம் முன்னாடி அடிக்கிற புயல்ல விமானத்தை இறக்கினவர். ரன்வேயைத் தாண்டிச் சேத்துல போய் நின்னுது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. மெடல் கொடுத்தாங்க.

ஆனா மனுஷன் எங்க பேச்சைக் காதுலயே வாங்கலை. ஜன்னலோட ஒட்டிக்கிட்டு நின்னார். வெளியே பேய்க்காத்து. மேல ஒரு விமானம் இறங்க முடியாம சுத்திக்கிட்டிருக்கு. அதுல அவரோட ஒரே பொண்ணு.

பெத்தவருக்கு எப்படி இருக்கும்!

பைலட் கண்ட்ரோல் டவரோட பேசுறதை ஒரு ஆப் மூலமா என் மொபைல்ல போட்டேன். கரகரப்புக்கு நடுவுல ஒரு குரல். கேப்டன் சட்டுன்னு திரும்பினார்.

"இவனா ஓட்டுறான்?"

"தெரிஞ்சவரா சார்?"

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். நெத்தியெல்லாம் வேர்வை.

மழைக்குள்ளேருந்து விமானம் வந்துச்சு. இறக்கை ரெண்டும் தாறுமாறா ஆடுது. தரைக்கு ரெண்டு மாடி உயரந்தான் பாக்கி.

"இறக்கிடுப்பா, இறக்கிடு!" டாக்டர் கத்தினார்.

"கோயிங் அரவுண்ட்." மொபைல்ல அதே குரல். இறங்கலை, மறுபடியும் மேல போறேன்னு அர்த்தம். மூக்கைத் தூக்கிக்கிட்டு விமானம் மேகத்துக்குள்ள போயிடுச்சு. பக்கத்து ஊர் ஏர்போர்ட்டுக்குப் போறதா பைலட் சொல்லிட்டார்.

"சே! சரியான பயந்தாங்கொள்ளி. இவனையெல்லாம் யாரு கேப்டன் ஆக்கினது?" டாக்டருக்கு ஏமாத்தம் தாங்கலை.

கேப்டன் நாற்காலியில உக்காந்துட்டார். கையில போனை இறுக்கிப் பிடிச்சபடி முக்கால் மணி நேரம்.

போன் அடிச்சுது.

"அப்பா, பத்திரமா இறங்கிட்டோம்பா."

பெரிய மனுஷன், எங்க முன்னாடி தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு டாக்டரைப் பாத்தார்.

"அன்னிக்குப் புயல்ல எனக்கு அவன்தான் கோ-பைலட். 'வேண்டாம் சார், மேல போயிடலாம்'னு கெஞ்சினான். நான் கேக்கலை."

"அப்புறம் சார்?"

"பயந்தாங்கொள்ளின்னு ரிப்போர்ட் எழுதி, எட்டு வருஷம் அவனைக் கேப்டன் ஆக விடாமப் பண்ணினேன்."