நாலு துடைப்பம்

சேவைச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்காக வரலாறு கேட்டு வந்திருந்தார் செயலாளர். சங்கத்தை ஆரம்பித்த தலைவர் அளந்துவிட்டார்.

"ஊருக்கு ஏதாவது செய்யணும்னு எங்க நாலு பேருக்கும் ஒரே வெறி. ஒரு ஞாயித்துக்கிழமை துடைப்பத்தை எடுத்துக்கிட்டுத் தெருவுல இறங்கிட்டோம்!"

செயலாளர் புல்லரித்துப்போய்க் கிளம்பினார். தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வந்தார்.

"உண்மை என்ன தெரியுமா? அன்னிக்கு ஷெட்டுல சீட்டாடிக்கிட்டிருந்தோம். திடீர்னு நீ வர்றது தெரிஞ்சுது. நல்லவேளை, மூலையில நாலு துடைப்பம் இருந்துச்சு. ஆளுக்கொண்ணு எடுத்துத் தெருவைக் கூட்ட ஆரம்பிச்சுட்டோம். நீயும் ஏமாந்துட்டே!"

"அப்புறம்?"

"அடுத்த வாரம் சீட்டைக் கலைச்சுப் போட்டா, பொருளாளர் பொண்டாட்டி வந்து நிக்கிறா. அதுக்கடுத்த வாரம் இன்னொருத்தி. மறுபடி துடைப்பம்தான். அப்படியே பழகிப்போய்ச் சங்கமாயிடுச்சு."

மனைவி நிமிராமலே கேட்டாள். "ஏங்க, சீட்டாடற ஷெட்டுல புத்தம்புதுசா நாலு துடைப்பம் எப்படி வந்துச்சுன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

தலைவர் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க சங்கத்துக்கு வர்ற ஞாயிறுதான் வெள்ளிவிழா. நாங்க பொண்டாட்டிங்க நாலு பேரும் ஆரம்பிச்ச சங்கத்துக்குப் போன ஞாயிறே கேக் வெட்டியாச்சு!"