வாய் கொப்பளிக்கும் வரை

தவசி தொட்டியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவனை வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். முதல் வெட்டிலேயே இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வலது கையில் பிரஷ் இருந்தது. வெட்டிய இருளப்பனின் அண்ணனைப் போன வருஷம் கொன்றவன் தவசிதான். "எச்சில் வாயோட எவனையும் அனுப்பக்கூடாது இருளா. உங்கண்ணன் சோத்துல கை வச்சிருந்தான். தின்னு முடிச்சு வாய் கொப்பளிக்கிற வரைக்கும் நின்னுதான் வெட்டுனேன்" என்றான் தவசி, நுரை தெறிக்க. இருளப்பன் அரிவாளைத் தாழ்த்தினான். "சரி, வெளக்கி முடி." தவசி கடைவாயிலிருந்து தொடங்கினான். மேல்வரிசை, கீழ்வரிசை, உட்புறம் என்று தினமும் செய்வதைப் போலவே ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தான். முடிந்ததும் மறுபடி கடைவாய்க்கே போனான். ஈறு கிழிந்து நுரை சிவந்தது. "பொண்ணு பாக்கவா போறான்? போடுண்ணே" என்றான் கூட வந்தவன். இருளப்பன் தன் வீங்கிய கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தவசியின் பற்களையே பார்த்தபடி நின்றான். "உனக்குப் பல்லு வலிச்சதே இல்லையாடா?"

"இல்ல. ராத்திரியும் வெளக்குவேன்."

"ராத்திரியுமா?"

"படுக்கிறதுக்கு முன்னாடி. அதான் முக்கியம்."

இருளப்பன் நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்தான். பிறகு தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு நீட்டினான். தவசி வாய் நிறைய வாங்கிக்கொண்டான். வெட்ட வந்த இருவரும் அரிவாளை ஓங்கிக் காத்திருந்தார்கள். இருளப்பனைப் போலவே கன்னம் உப்பி, கண்ணில் நீர் வழிய, மூக்கால் மூச்சு விட்டபடி தவசி நின்றுகொண்டிருந்தான், துப்பாமல்.